மெட்டி சொன்ன சாட்சி

மெட்டி சொல்கிறதாம்! மிருதுளா சொல்வதைக் கேட்க ஒருவருக்கும் பொறுமையில்லை. அவள் கால்விரலில் கிடக்கும் மெட்டி சொல்வதைக் கேட்க மட்டும் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. குடும்ப நீதிமன்றம் அனுப்பியிருந்த வழக்குச் சுருக்கத்தைப் படித்து முடித்த சுகந்திக்கு, பக்கத்தில் வைத்த டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. அப்படியொரு எரிச்சல்.

சுகந்தி உறவுநிலை, பாலியல் ஆலோசகர். கோவையில் ஒரு பேக்கரியின் மாடியில் அவள் அறை. வாசல் பலகையில் 'பாலியல்' என்ற சொல்லை மட்டும் அழித்துவிடும்படி கட்டட உரிமையாளர் பலமுறை கேட்டுப் பார்த்தார். "குடும்பம் நடமாடற எடமுங்க" என்றார். "குடும்பம் நடக்கறதே அதனாலதானுங்க" என்று சுகந்தி சொன்ன பிறகு அவர் மாடிப்பக்கம் தலைகாட்டுவதில்லை. அவளைத் தேடி வருகிறவர்கள் பேக்கரிக்குப் போகிற பாவனையில் வந்து, தெரிந்த முகம் எதுவும் இல்லையென்று பார்த்துப் படியேறுவார்கள். இறங்கும்போது மறக்காமல் ஒரு தேங்காய் பன் வாங்கிக் கையில் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு போவார்கள். தன் வியாபாரத்தில் பாதி மாடியம்மா புண்ணியம் என்று பேக்கரிக்காரர் சொல்லிச் சிரிப்பார். சுகந்திக்குச் சிரிப்பு வராது. ஓர் ஊர் தன் துயரத்தைத் தேங்காய் பன்னுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு திரிவதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அவள் எடுத்த எடுப்பிலேயே இந்தத் தொழிலுக்கு வந்தவளில்லை. படித்தது பிசியோதெரபி. ஈரோட்டுப் பக்கம் ஒரு மகப்பேறு மருத்துவமனையில், பிள்ளை பெற்ற பெண்களுக்கு இடுப்புத் தசைப் பயிற்சி சொல்லிக் கொடுக்கும் வேலை. அங்கே ஒரு நாள், கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன ஒரு பெண்ணை மாமியார் கூட்டி வந்தார். கணவன் நெருங்கினாலே அந்தப் பெண்ணின் உடம்பு கட்டைபோல இறுகிக்கொள்ளும். உயிர் போகிற வலி. பெரிய டாக்டர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் மாமியாரிடம் சொன்னார்: "கோளாறு ஒண்ணுமில்லீங்க. கொஞ்ச நாளைக்குப் பல்லைக் கடிச்சுக்கச் சொல்லுங்க, பழகிரும்." பக்கத்தில் நின்ற சுகந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறுகுகிற தசைக்குப் பயிற்சி உண்டு. அதற்கும் முன்னால் அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உனக்கு இது வேணுமா? அந்தக் கேள்வியைக் கேட்க அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஓர் ஆள் இல்லை. அந்தக் கோபத்தில்தான் அவள் மறுபடியும் படிக்கப் போனாள். உளவியல் படித்தாள், பிறகு பாலியல் ஆலோசனை. வேலைக்கு வந்து தலை நரைத்துவிட்டது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அவள் வேலை செய்கிற விதமும் கொஞ்சம் வேறு மாதிரிதான். கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தாலும் முதல் நாள் தனித்தனியாகத்தான் பேசுவாள். வலிக்கிறது என்று யார் சொன்னாலும் நம்புவாள். நிரூபிக்கச் சொல்ல மாட்டாள். உறுப்புகளை 'அங்க', 'அந்த எடம்' என்று மழுப்ப விடமாட்டாள். அதற்கெல்லாம் தமிழில் பெயர் இருக்கிறது, வாயைத் திறந்து சொல்லுங்கள் என்பாள். பல தம்பதிகளுக்கு முதல் வேலையாகத் தடை போடுவாள்: நான் சொல்லும்வரை ஒருவரையொருவர் தொடக் கூடாது. தொட்டே ஆக வேண்டும் என்ற பயம் விலகினால்தான் தொட வேண்டும் என்ற ஆசை வரும், அவள் கண்கூடாகப் பார்த்திருக்கிறாள். ஆண்களும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். எல்லாருக்கும் அவள் சொல்வது ஒன்றுதான்: "உங்க உடம்பு சொல்றது தகவல். நீங்க சொல்றதுதான் பதில்."

இசைவுச் சட்டம் வந்த அன்று, பேக்கரிக்கு வந்தவர்களுக்கெல்லாம் தன் செலவில் கேக் வாங்கிக் கொடுத்தவள் அவள். கல்யாணமே ஆகியிருந்தாலும் மனைவி வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று முதல் தடவையாகச் சட்டம் சொன்னது. எத்தனை பேர் தொண்டை கிழியக் கத்தி வாங்கிய சட்டம்! வழக்குகள் வர ஆரம்பித்ததும் நீதிமன்றங்கள் கையைப் பிசைந்தன. பூட்டிய அறைக்குள் அவள் வேண்டாம் என்று சொன்னாளா இல்லையா என்பதற்கு யார் சாட்சி? இந்த இடைவெளியில் ஒரு கம்பெனி நைசாகப் புகுந்து, இசைவு மெட்டி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பார்க்கச் சாதாரண வெள்ளி மெட்டிதான். உள்ளே நாடித் துடிப்பையும் வியர்வையையும் சூட்டையும் ரத்த ஓட்டத்தையும் அளக்கும் பொடிச் சில்லு. மனைவியின் உடம்பு சம்மதிக்கிறது என்று அது முடிவு கட்டினால் கணவனின் போனில் பச்சை எரியும். இல்லையென்றால் சிவப்பு.

மாப்பிள்ளை வீட்டார் ஆசை ஆசையாக வாங்கினார்கள். மெட்டியை மாப்பிள்ளைதான் போட்டுவிட வேண்டும், போட்டபின் கழற்றினால் அபசகுனம். ஒரு கருவிக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்குமா? அம்மி மிதிக்க வைத்து, மெட்டி போட்டு, போனில் இணைத்து, பிறகு அருந்ததி பார்க்க அனுப்பினார்கள். பெண்ணின் சொல்லைக் காப்பாற்ற வந்த சட்டம், நாலைந்து வருடத்தில், பெண் சொல்வது சரிதானா என்று மெட்டியிடம் விசாரிக்கிற சட்டமாகிவிட்டது. கேக் வாங்கிக் கொடுத்த தன்மேலேயே சுகந்திக்குக் கோபம் வந்தது.

இப்போது வந்திருப்பது அப்படியொரு வழக்கு. மிருதுளா தன் கணவன் பிரணவிடமிருந்து பிரிந்து வாழ அனுமதி கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்லியும் கட்டாயப்படுத்தினான் என்கிறாள். அவன் தரப்பில் அத்தனை இரவுகளுக்கும் மெட்டியின் பதிவைத் தாக்கல் செய்திருக்கிறார்கள். அத்தனையும் பச்சை. மனைவி தன்னோடு வந்து வாழ உத்தரவிட வேண்டும் என்பது அவன் கோரிக்கை. ஆலோசகர் இருவரிடமும் பேசிவிட்டு வந்து கருத்துச் சொல்ல வேண்டும், தீர்ப்பு வரும்வரை அவள் மெட்டியைக் கழற்றக் கூடாது, அது சாட்சிப் பொருள் என்று நீதிமன்றம் எழுதியிருந்தது. தோற்றால் மிருதுளா மறுபடி அந்த அறைக்குள் போக வேண்டும். அவ்வளவுதான் வழக்கு.

மிருதுளா பள்ளியில் வேதியியல் டீச்சர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கால்களைச் சேலைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

"மேடம், நானு பொய் சொல்றனுங்களா?"

சுகந்தி பேனாவை மூடி வைத்தாள். வேறு எதையும் சொல்வதற்கு முன் இந்தக் கேள்வியா?

"ஏன் அம்மணி அப்படிக் கேக்கறீங்க?"

"எனக்கே சந்தேகமா இருக்குதுங்க. நானு வேண்டாம்னுதான் சொன்னேன். தெளிவாத்தான் சொன்னேன். அவரு போனைத் திருப்பிக் காட்டுவாரு. 'பாரு, பச்சை. உனக்குத்தான் தெரியலை, உன்ற உடம்புக்குத் தெரியுது'ம்பாரு. ஒரு நாள்னாப் பரவால்லீங்க. ரெண்டு வருசமா அதையே பாத்துப் பாத்து, உள்ளுக்குள்ள எனக்கு வேணும்னுதான் இருக்குதோ, வாய்தான் பொய் பேசுதோன்னு ஆயிருச்சு. எங்கம்மாவே கேக்கறாங்க, மெட்டி எதுக்குக் கண்ணு பொய் சொல்லப்போகுதுன்னு."

"சின்னதுல உங்களுக்கு யாராச்சும் கிச்சுக்கிச்சு மூட்டியிருக்காங்களா?"

மிருதுளா குழம்பிப்போய் நிமிர்ந்தாள். "எங்கண்ணன் மூட்டுவான். விடவே மாட்டான்."

"சிரிச்சீங்களா?"

"சிரிப்பு வராம எப்படீங்க? மூச்சே முட்டும். விடுடா விடுடான்னு கத்துவேன்."

"சந்தோஷமா இருந்துச்சா?"

"இல்லீங்க." யோசித்துச் சொன்னாள். "அழுகைதான் வரும். சிரிச்சுக்கிட்டே அழுவேன்."

"அன்னைக்கு உங்க கால்ல இந்த மெட்டி இருந்திருந்தா, அண்ணன் கையில பச்சை எரிஞ்சிருக்கும்" என்றாள் சுகந்தி. "பயந்தா நெஞ்சு அடிச்சுக்கும், வேர்க்கும். தொட்டா ரத்தம் அந்தப் பக்கம் ஓடும். காயம் படாம இருக்கறதுக்குக்கூட உடம்பு தன்னைத் தயார் பண்ணிக்கும். உங்களைக் கேட்டுக்கிட்டா அதெல்லாம் நடக்குது? உடம்பு அதுபாட்டுக்கு உங்களைக் காப்பாத்தப் பாக்குது. சம்மதம் நீங்க வாயால சொல்றது மட்டும்தான். நீங்க பொய் சொல்லலை."

மிருதுளா உடனே அழவில்லை. மேசைமேல் இருந்த தண்ணீரை முழுதாகக் குடித்தாள். பிறகுதான் அழுதாள்.

பிரணவ் மறுநாள் வந்தான். சுகந்தி ஒரு முரடனை எதிர்பார்த்திருந்தாள். வந்தவன் செருப்பைக்கூட வெளியே ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு வந்த பவ்வியமான ஆள். அதுவே அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"நானு கெட்டவனில்லீங்க மேடம். பச்சைன்னா சம்மதம்னு கம்பெனியில சொல்லித்தான் கொடுத்தாங்க. சிவப்பு வந்தா நானு தள்ளிப் படுத்துக்குவேன். அவளையே கேளுங்க."

"சிவப்பு எப்பெப்ப வரும் தம்பி?"

அவன் யோசித்தான். "அவ தூங்கறப்ப. அவங்கம்மா வந்து உக்காந்து பேசிக்கிட்டு இருக்கறப்ப. டிவியில ஏதாச்சும் பாத்துச் சிரிக்கறப்ப."

"உங்களைப் பாத்துச் சிரிக்கறப்ப?"

"கல்யாணமான புதுசுல சிரிப்பா. அப்பவும் சிவப்புத்தானுங்க."

சொன்னபிறகு அவனுக்கே அது எங்கேயோ இடித்திருக்க வேண்டும். சுகந்தி விடவில்லை.

"ஏனுங்க தம்பி, பச்சை எரிஞ்ச நாள்ல அந்தப் புள்ள மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"நானு... போனைத்தானுங்க மேடம் பாத்தேன்."

பளாரென்று ஒன்று வைக்கலாமா என்றிருந்தது அவளுக்கு. ஆலோசகருக்கு அந்த உரிமை இல்லை. "சரி, போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

கம்பெனி சும்மா இருக்குமா? விசாரணைக்கு முன்பே ரித்திஷ் என்ற இளம் இன்ஜினியரை அவளிடம் அனுப்பியது. கையில் பெரிய இனிப்புப் பெட்டி. மெட்டியை உருவாக்கிய குழுவில் அவனும் ஒருவன். சுகந்தி மாதிரி அனுபவம் உள்ள ஒருவர் கம்பெனிக்கு ஆலோசகராக வந்தால் பெருமை என்றான். கருவியின் அருமைபெருமைகளை அவன் அடுக்கிக்கொண்டே போக, அவள் பொறுமையாகக் கேட்டாள். அவன் குரலில் சூதுவாது எதுவும் இல்லை. தான் பெண்களுக்கு நல்லது செய்வதாகவே அந்தப் பையன் நம்பினான்.

"ஒண்ணு கேக்கறேன் தம்பி. இந்த நெஞ்சுத் துடிப்பு, இவ்வளவு வேர்வை, இதுதான் சம்மதம்னு உங்க மெட்டிக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

"அது தானாக் கத்துக்கிச்சுங்க மேடம். முதல்ல ஆயிரக்கணக்கான ஜோடிங்களுக்கு இலவசமாக் கொடுத்தோம். ஒவ்வொரு தடவையும் முடிஞ்சதும் போன்ல ஒரு கேள்வி வரும், மனைவிக்குச் சம்மதமா இருந்துச்சான்னு. ஆமா, இல்லைன்னு ரெண்டு பட்டன். ஆமான்னு வந்தப்பல்லாம் உடம்பு எப்படி இருந்துச்சுன்னு பாத்துப் பாத்துக் கத்துக்கிச்சு."

"யாரு அமுக்கினது?"

"என்னதுங்க?"

"அந்தப் பட்டனை."

"வீட்டுக்காரருங்கதான்" என்றான் ரித்திஷ், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. "போன் அவங்ககிட்டத்தானுங்க இருக்கும்."

சுகந்தி எழுந்து போய் ஜன்னலருகே நின்றாள். நிற்காவிட்டால் எதையாவது தூக்கி எறிந்திருப்பாள். சம்மதமா என்று கேட்க வேண்டிய கேள்வியை, அதுவும் மனைவியைப் பற்றி, மனைவியை விட்டுவிட்டுக் கணவனிடம் கேட்டிருக்கிறார்கள். எத்தனை ஆயிரம் ஆண்கள் 'ஆமா' அமுக்கிவிட்டுப் புரண்டு படுத்தார்களோ! பக்கத்தில் பயந்து, வியர்த்து, நெஞ்சு அடிக்க, அசையாமல் கிடந்தவளின் உடம்பைப் பார்த்து இதுதான் சம்மதம் என்று அந்த மெட்டி பாடம் படித்திருக்கிறது. அவள் நிம்மதியாகச் சிரிக்கும்போது சிவப்பு எரியாமல் என்ன செய்யும்? இவ்வளவு படித்தவர்கள், இத்தனை பேர் உட்கார்ந்து செய்தவர்கள், ஒருத்தருக்குக்கூட இது உறைக்கவில்லையே!

"தம்பி, நீங்க கண்டுபிடிச்சிருக்கறது சம்மதத்தை இல்லை. பயந்த பொம்பளையை" என்றாள் திரும்பி. "உங்க இனிப்பை எடுத்துக்கிட்டுப் போங்க. கோர்ட்டுல இதே மாதிரி மறைக்காமச் சொன்னீங்கன்னா அது போதும்."

ரித்திஷ் முகம் வெளுத்து எழுந்து போனான். இனிப்புப் பெட்டியை மறந்துவிட்டான். அவள் அதை அப்படியே கீழே பேக்கரியில் கொடுத்துவிட்டாள்.

விசாரணை மூடிய அறையில் நடந்தது. நீதிபதி விசாலாட்சி ஐம்பதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர், அதேசமயம் யாருக்கும் வளைந்து கொடுக்காதவர் என்று பெயர். ஓரமாக வயதான ஆண் டைப்பிஸ்ட் ஒருவர். ஒரு பக்கம் பிரணவும் அவன் வக்கீல் தாமோதரனும். கருவியை இயக்கிக் காட்டுவதற்காக ரித்திஷ் ஒரு டேப்லெட்டோடு வந்திருந்தான். மிருதுளாவுக்கு வக்கீல் இல்லை. வைத்துக்கொள்ள அவள் வீட்டில் யாரும் உதவவில்லை. இந்தப் பக்கம் அவளும் சுகந்தியும் மட்டும்.

தாமோதரன் முதலில் சுகந்தியைத்தான் பிடித்தார். "ஏனுங்க மேடம், வாய் பொய் சொல்லும், ஒத்துக்கறேன். உடம்பு பொய் சொல்லுமுங்களா?"

"என்கிட்ட ஆம்பளைங்களும் வர்றாங்க சார். மனசு நிறைய ஆசை இருக்குது, உடம்பு கேக்க மாட்டேங்குதுன்னு அழுவாங்க. அவங்ககிட்டப் போயி, உடம்பு பொய் சொல்லாது, உனக்குப் பொண்டாட்டி மேல ஆசையே கெடையாதுன்னு எழுதிக் கொடுத்தா நீங்க ஒத்துக்குவீங்களா? டென்சன்னு சொல்லுவீங்க, வேலைப் பளுன்னு சொல்லுவீங்க. ஆம்பளை உடம்புன்னா அதுக்கு ஆயிரம் சமாதானம். பொம்பளை உடம்பு மட்டும் சத்தியப் பிரமாணம் எடுத்துக்கிச்சா?"

டைப்பிஸ்ட் இருமினார். சிரிப்பை அடக்குகிற இருமல். தாமோதரனுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தக் கோபத்தை அப்படியே கூண்டில் நின்ற மிருதுளா பக்கம் திருப்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. படிச்சவங்க, புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறவங்க. வேண்டாம்னு சொன்னேங்கறீங்க. இங்க இத்தனை ராத்திரியும் உங்க உடம்பு வேணும்னு சொல்லியிருக்குது. உங்களுக்குச் சுகமா இருந்துச்சா, இல்லையா? கதையெல்லாம் வேண்டாம். ஆமா, இல்லை, ஒரே வார்த்தை."

மிருதுளாவின் கை கூண்டின் கட்டையைப் பிடித்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"பதில் வரலை பாருங்க. ஏன் வரலை? இருந்துச்சா இல்லையா?"

சுகந்தி எழுந்தாள். "அம்மா, இந்த நிமிஷம் அந்த மெட்டி என்ன காட்டுதுன்னு பாக்கணுமுங்க."

தாமோதரன் ஆட்சேபித்தார். நீதிபதி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "கருவி உண்மைதான் சொல்லும்னு சொல்லித்தானே கொண்டுவந்தீங்க? காட்டட்டும்."

ரித்திஷ் டேப்லெட்டை எடுத்துப்போய் நீதிபதியின் மேசையில் வைத்து இயக்கினான். திரை பளிச்சென்று பச்சையாக எரிந்தது.

"முழு இசைவுன்னு வருதுங்க" என்றான் ஈனஸ்வரத்தில்.

"பாத்துக்குங்கம்மா" என்றாள் சுகந்தி. "ஒரு அந்நிய ஆம்பளை, புருஷன் முன்னாடி, உனக்குச் சுகமா இருந்துச்சான்னு இந்தப் புள்ளையைக் கேக்கறாரு. அதுக்கு இந்தப் புள்ள முழுச் சம்மதத்தோட நிக்குதாம்! இதை நம்பித்தான் திருப்பி அனுப்பச் சொல்றாங்க."

"இந்தக் கருவி கட்டிலுக்குச் செஞ்சதுங்க அம்மா. கோர்ட்டுக்குச் செஞ்சதில்ல" என்றார் தாமோதரன்.

"பயத்துல கட்டில் பயம் வேற, கோர்ட் பயம் வேறயா சார்? தம்பி, அம்மாகிட்டச் சொல்லுங்க, பட்டனை அமுக்கினது யாருன்னு."

ரித்திஷ் சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். கணவன்மார் அமுக்கிய பட்டனை வைத்துத்தான் கருவி கற்றது, மனைவியரை யாரும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை, தங்களுக்கு அது தோன்றவே இல்லை என்றான். பிரணவ் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நீதிபதி குறுக்கிடாமல் கேட்டார். பேசி முடித்த ரித்திஷ், டேப்லெட்டை எடுக்கக் கையை நீட்டியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன?" என்றார் நீதிபதி.

"ஒண்ணுமில்லீங்க மேடம். இது சர்வீஸ் பண்ற டேப்லெட்டு. பக்கத்துல எந்த மெட்டி இருந்தாலும் காட்டும். இங்க..." அவன் திரையை மறுபடி தட்டிப் பார்த்தான். "ரெண்டு காட்டுதுங்க."

"பக்கத்து அறையில யாராவது இருப்பாங்க."

"அப்படித்தானுங்க நானும் நெனைச்சேன். தூரம் பாத்தேன். இந்த அறைக்குள்ளதானுங்க இருக்குது."

எல்லாரும் சுகந்தியைப் பார்த்தார்கள். "நானு மெட்டி போடறதில்லை" என்றாள் அவள். பிறகு அந்த அறையில் மீதமிருந்தது ஒரே ஒரு பெண்தான்.

நீதிபதி விசாலாட்சி டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது புள்ளியும் பச்சை.

"இது எப்ப இருந்து பச்சையா இருக்கு?"

"பதிவுல பாத்தா, வக்கீல் சார் அந்தம்மாவைக் கேக்க ஆரம்பிச்சப்ப இருந்துங்க."

சுகந்தி தன் தொழிலில் எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறாள். அந்த முகத்தை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை. பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன வருஷம் கல்யாண நாளுக்கு என் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தார்" என்றார் நீதிபதி. யாருக்கும் சொல்வதுபோல் இல்லை. "பழசு தேஞ்சுபோச்சு, புதுசு போட்டுக்கோன்னார். வெள்ளின்னுதான் சொன்னார்."

பிறகு ரித்திஷைப் பார்த்தார்.

"இதைக் கழற்றினா அவருக்குத் தெரியுமா?"

"உடனே போனுக்கு மெசேஜ் போயிருமுங்க மேடம்" என்றான் ரித்திஷ்.

"போகட்டும்."

அவர் குனிந்தார். மெட்டி இறுக்கமாக இருந்திருக்க வேண்டும். நிமிர்ந்தபோது மூச்சு வாங்கியது. அதை மேசைமேல் வைத்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோங்க. மனுதாரர் மெட்டியை இப்பவே கழற்றிக்கலாம். மறு உத்தரவு வரும்வரை எதிர்மனுதாரர் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. அவர் இவங்களைப் பார்க்க முயற்சி பண்ணக் கூடாது."

"அம்மா, மன்னிக்கணும்" என்று தாமோதரன் எழுந்தார். "இப்ப நடந்ததுக்கு அப்புறம் நீங்க இந்த வழக்குல உத்தரவு போடறது முறையில்லீங்க."

"சரிதான். நான் விலகிக்கறேன். இது வேற நீதிபதி வர்ற வரைக்குமான இடைக்கால உத்தரவு. நீங்க தாராளமா அப்பீல் போங்க." தன் மெட்டியை ஒரு விரலால் மேசை விளிம்புக்குத் தள்ளினார். "இதையும் சாட்சிப் பொருளாச் சேர்த்து எண் போடுங்க. எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும், இதைப் பத்திச் சொல்ல நான் சாட்சியா வந்து கூண்டுல நிப்பேன்."

மிருதுளா அதுவரை அசையவில்லை. உத்தரவு தனக்குத்தான் என்பது மெல்ல அவளுக்குப் புரிந்தது. கூண்டுக்குள்ளேயே தரையில் உட்கார்ந்து, கால்விரலைப் பிடித்து மெட்டியைத் திருகினாள். வரவில்லை. சுகந்தி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடலாமா என்று கேட்டாள். மிருதுளா தலையசைத்தாள், பிறகு "ம், புடிங்க" என்று வாய்விட்டும் சொன்னாள். இருவருமாகச் சேர்ந்து இழுத்ததில் தோல் உரசிக்கொண்டு அது வெளியே வந்தது.

மேலே மேசையில் நீதிபதியின் போன் அடிக்க ஆரம்பித்தது. திரையில் கணவரின் பெயரைப் பார்த்தார். எடுக்கவில்லை, அணைக்கவும் இல்லை. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்க, "அடுத்த வரி எழுதிக்கோங்க" என்றார் டைப்பிஸ்டிடம்.